நாலாவது சாம்பிள்

"முழுசா ரெண்டு கிலோ வஞ்சிரம். இதுக்கு மேல அந்தம்மாவுக்கு இன்னா வேணுமாம், அண்ணாத்த?"

பைக்கின் வேகத்தைக் குறைக்காமலே கேட்டான் ஜெபகுமார். ஐஸ் போட்ட மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த தாமோதரன், "முதல்ல ரோட்டைப் பாரு. ஐஸு கரைஞ்சு என் பேன்ட்டு நனைஞ்சுகினு வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்த கையோடு புதுப்பட்டினத்தில் மீன் வாங்கிக்கொண்டு கிளம்பிய ஜெபகுமார், வழியில் திருக்கழுக்குன்றத்தில் தாமோதரனின் பட்டறையில் நிறுத்தி அவரையும் ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு மாதப் பழக்கம்தான். அதற்குள் அண்ணாத்த, மச்சான் என்று ஆகிவிட்டது.

பழக்கம் வந்ததே 'கிளஸ்டர்' மூலமாகத்தான். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்கிற ட்ரோன் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்துச் சின்னப் பட்டறைகளையெல்லாம் ஒரு கூட்டாகச் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கூடமும் கட்டிக் கொடுத்திருந்தது. ட்ரோனின் கை மடங்குகிற இடத்தில் போட, விரல் நீளத்தில் ஒரு பின். அதைச் செய்து தர ஜெபகுமாரும் முயன்றான், தாமோதரனும் முயன்றார். ஆளுக்கு மூன்று முறை சாம்பிள் கொடுத்து, மூன்று முறையும் தோல்வி. நாளை நாலாவது. அதுவே கடைசி. அதுவும் போனால், பட்டறையில் இருக்கும் மூன்று பேரையும் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான் என்று ஜெபகுமாருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சாம்பிளில் பட்டறையின் பெயர் இருக்காது. ஆபீசில் குலுக்கி எடுத்துக் கொடுக்கிற நம்பர் மட்டும்தான். சோதனை அறைக்குள் யாரும் போகவும் முடியாது. திரும்பி வரும் சீட்டில் 'அளவு குறைவு' என்று இரண்டு வார்த்தை, அதன் கீழே 'எல். ரோகிணி' என்று ஒரு கையெழுத்து. அந்தம்மாவைப் பற்றி ஜெபகுமாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நேற்று வாட்ச்மேனைப் பிடித்து ஒருவழியாக வீட்டு விலாசத்தை வாங்கிவிட்டான்.

"நம்பராம் நம்பரு! அதுக்கு வேண்டியவன் எவனோ உள்ள கீறான் அண்ணாத்த. அவனுக்குத் தூக்கிக் குடுக்கத்தான் நம்மளத் தள்ளி வுடுது."

தாமோதரனுக்குப் புரையேறியது.

"சிரிக்காத. நாளைக்கு என் நம்பரு இன்னான்னு மட்டும் அந்தம்மா காதுல போட்டுட்டா போதும். என் நம்பரு..."

"என்னாண்டயும் சொல்லாத!" என்று அவசரமாகத் தடுத்தார் தாமோதரன்.

"மூணு வாட்டி அடி வாங்கியும் உனக்குக் கோவமே வரலியா?"

"வராம? மூணாவது வாட்டி வூட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு ரெண்டு நாளு பேசவேயில்ல."

"பாவம், வூட்டுல கீறவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அதையேதான் அவளும் கேட்டா." தாமோதரன் பையை இன்னொரு தொடைக்கு மாற்றிக்கொண்டார். "அது கெடக்கட்டும். நீ பின்னை எப்போ அளக்கறே?"

"சாணை புடிச்சு எடுத்தவுடனே."

"சூட்டோடவா?"

"பின்ன, ஃப்ரிட்ஜுல வெச்சா அளப்பாங்க?"

"நானும் அப்படித்தான் அளந்துகினு இருந்தேன். சூட்டுல இரும்பு உப்பிக்கும். அளவு சரியா கீதுன்னு அனுப்பிடறோம். அங்க ஏசி ரூமுல ஆறினதும் சுருங்கிடுது. முந்தாநேத்து ஒண்ணை நல்லா ஆறவுட்டு அளந்து பார்த்தேன். தலைமுடியில பத்துல ஒரு பங்கு கம்மி."

ஜெபகுமார் பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். அவன் பட்டறை தகரக் கொட்டகை. மத்தியானத்தில் அங்கே நாற்காலியில் கூட உட்கார முடியாது. மூன்று சீட்டுகளும் ஒரே இரண்டு வார்த்தையைச் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்தது. இன்றைக்குச் சாயங்காலம் புதிதாக ஒன்று செய்து, ஆறவிட்டு அளந்து, காலையில் கொடுத்துவிடலாம்.

"இதை ஏன் என்னாண்ட சொல்றே? நீயும் போட்டியில கீறவந்தானே?"

"ஒரு ட்ரோனுக்கு நாலு பின்னு, மச்சான். ரெண்டு உன்னுதா இருந்துட்டுப் போகட்டுமே."

ஜெபகுமார் திரும்பி மீன் பையைப் பார்த்தான். "அப்போ இது வேணாமா? திரும்பிடலாமா?"

"வேணாம்னு நான் சொன்னேனா? வஞ்சிரம், மச்சான்! வண்டியை எடு."

செங்கல்பட்டுக்குள் நுழைந்ததும் ஜெபகுமார் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தான். "வேதாசலம் நகர். மூணாவது தெரு, பச்சை கேட்டு, முருங்கை மரம். நீ இந்த ஊர்க்காரன், வழி தெரியும்னுதான் உன்னை இட்டுகினு வந்தேன்."

"தெரியும், தெரியும். லெஃப்டுல திரும்பு."

பச்சை கேட் திறந்தே இருந்தது. ஜெபகுமார் தலையைக் கோதிக்கொண்டு மணியை அடித்தான். எண்ணெய் தேய்த்த தலையில் துண்டைச் சுற்றியபடி ஒரு பெண்மணி கதவைத் திறந்தார்.

"யாரு நீங்க?"

"வணக்கம் மேடம். நான் ஜெபகுமாரு, புதுப்பட்டினம். நாளைக்கு என் சாம்பிள் நம்பரு..."

தாமோதரன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். பிறகு மீன் பையை அந்த அம்மாளிடம் காட்டி, "நான் கழுவித் தரேன், ரோகிணி, நீ போய்க் குளி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றியபடி திரும்பினார்.

"கூச்சப்படாம உள்ள வா, மச்சான். மூணு வாட்டி ஃபெயிலானவன் வூடுதான் இது."