வரிக்கு வரி

"வரிக்கு வரி அப்படியே இருக்கு! சொந்தமா நாலு வரி எழுத வராதாம்மா?"

மாணவியின் கட்டுரையைப் பேராசிரியர் மேசையில் வீசினார். கணினித் திரையில், அதே கட்டுரை ஓர் இணையதளத்தில் பல்லிளித்தது.

"சார், அது வந்து..."

"உனக்கு முட்டைதான். முழு மார்க்கும் இதை எழுதினானே, அவனுக்குத்தான் போடணும். யாரும்மா அவன்?"

உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எழுதியவன் பெயரைத் தேடி அவர் திரையைக் கீழே நகர்த்தினார். அடுத்த பதிவின் தலைப்பு எட்டிப் பார்த்தது: 'எங்கள் பேராசிரியர் ஒரு நடமாடும் தூக்க மாத்திரை.'

அவர் முகம் சிவந்தது. "யாரு அவன்?"

"சத்தியமா தெரியாது சார். இனிமே காப்பியடிக்க மாட்டேன்" என்றாள், அந்த இணையதளத்தின் சொந்தக்காரி.