படமில்லாத வாசகர்

நாற்பது நிமிடங்களாக அந்த ஆள் நகரவில்லை.

பூங்காவின் மறுபக்கத்தில் ஐஸ் வண்டியை ஒட்டி நின்றான். பழைய தொப்பி, சேறு காய்ந்த பூட்ஸ். வலது கை, தோளில் தொங்கிய துணிப்பைக்குள்ளேயே இருந்தது.

நொஎமி புத்தகங்களை மூன்றாவது முறையாக அடுக்கினாள். மேலிருந்த இரண்டு சரிந்து விழுந்தன.

இங்கே இருப்பேன் என்று ஊருக்கே சொன்னவள் அவள்தான். ‘ஞாயிறு காலை, எல் ப்ரோக்ரெஸோ நகரப் பூங்கா, வாதாம் மரத்தடி. வாருங்கள், கையெழுத்திட்டுத் தருகிறேன்.’ சிரித்த முகப் படத்தோடு பேஸ்புக்கில் போட்டிருந்தாள்.

சொந்தமாக அச்சடித்த நாவல். பதிப்பகம் கிடையாது. பதினொரு மாதமாகத் தினம் ஒரு துண்டு எழுதி, வருகிற கமெண்ட்டுக்கெல்லாம் பதில் போட்டே பன்னிரண்டாயிரம் பேரைச் சேர்த்திருந்தாள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒரு பையனைக் கொன்று பாழுங்கிணற்றில் தள்ளிவிடும் கதை. ஒவ்வொரு துண்டின் அடியிலும் ‘யாவும் கற்பனை’ என்று மறக்காமல் சேர்ப்பாள்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒரு கணக்குக்கு மட்டும் படமில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து இரண்டு. கிணறு கதைக்குள் வந்த நாளிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

‘அந்தக் கிணறு எங்கே இருக்கிறது?’

அதற்கு மட்டும் அவள் பதில் போட்டதில்லை.

“உன் ரசிகன் பார்வையாலயே உன்னை முழுங்குறான்டி,” என்றாள் பக்கத்துக் கடையில் பலேயாதா ரொட்டிக்கு மாவு தட்டிக்கொண்டிருந்த நின்ஃபா. “கூப்பிட்டு ஒண்ணைத் தலையில கட்டேன்.”

நொஎமி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்.

ஓடிவிடலாம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பைக்குள் கை அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மேசைமேல் ஒரு காகிதக் கற்றை இருந்தது. அவள் எழுதிய துண்டுகள். எல்லாவற்றையும் அச்செடுத்து, வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டிருந்தது.

“கிணறு எங்கம்மா இருக்கு?”

“ஐயா, அது கதை. நானா கட்டினது.”

“பையன் சட்டையில ஒரு பொத்தான் மட்டும் சிவப்புன்னு எழுதியிருக்கீங்க.” அவர் குரல் உயரவே இல்லை. “வேற பொத்தான் கிடைக்கலைன்னு அதைத் தச்சவ என் வீட்டுக்காரி.”

நொஎமி கற்றையைக் கவிழ்த்து வைத்தாள்.

பையனைக் கொன்ற அன்று, தோட்டத்து எடைக் கொட்டகையின் பலகை இடுக்கில் மூச்சை அடக்கி நின்று அவள் பார்த்த மூன்று பேரில் ஒருவன் போலீஸ் சீருடையில் இருந்தான். யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் கதையாக்கினாள். பையனின் வீட்டார் கண்ணில் என்றாவது படட்டும் என்றுதான் பொத்தானை எழுதினாள். பன்னிரண்டாயிரம் பேரைச் சேர்த்தாள். அந்த மூன்று பேரிடமும் கைப்பேசி உண்டு. முதலில் யார் வந்து நிற்பார்கள் என்று பதினொரு மாதமாகத் தெரியாமலே இருந்தது.

பூங்காவைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ஒரு பிரதியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, ‘அன்புடன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதினாள்: மூன்றாவது பாலம் தாண்டி இடப்பக்கம். எடைக் கொட்டகைக்குப் பின்னால். மேலே தகரம் போட்டு மூடியிருக்கும்.

பேனா அங்கேயே நின்றது.

“பையன் பேரு?”

“வில்மர்,” என்றார்.

அவள் அதையும் எழுதினாள். அந்தப் பெயரை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.