ஆமென் வரைக்கும்

லென்ஸின் மூடியைக் கழற்றினேன். இன்பமணி கண்ணை மூடினாள்.

இது நான்காவது தகடு. முதல் மூன்றும் என் பழைய இங்கிலீஷ் லென்ஸில் எடுத்தவை. மூன்றிலும் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கொண்டை இருக்கிறது, மடியில் வேதப்புத்தகம் இருக்கிறது. கண் மட்டும் இல்லை.

மூன்றாவது படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கடிதம் போட்டுவிட்டார். பெண்ணுக்குக் கண் தெரியுமா, தெரியாதா? அடுத்த கப்பலில் கண் திறந்த படம் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

படம் அமைந்தால் ஆவணியில் கல்யாணம். இன்பமணி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும். அமையாவிட்டால் கொழும்பு வரைக்கும் கெடப்போவது பீர் மைதீன் ஸ்டூடியோவின் பெயர், அதாவது என் பெயர்.

குற்றம் என் மேல்தான். நான் நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை. எனக்குத் தொழில் கற்றுத்தந்த வெள்ளைக்காரப் பாதிரியார் லென்ஸின் மூடியைக் கழற்றியதும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவார், ஆமென் என்றதும் மூடுவார். பன்னிரண்டு வருஷமாக எனக்கும் அதுதான் அளவு. என் தொழுகை வேறு, என் எண்ணிக்கை அது. தச்சநல்லூர் அரிசிக்கடைப் பூதத்தான் குடும்பத்தோடு அந்த ஜெபத்துக்கு நின்றிருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போய்வந்த என் மாமனாரும் நின்றிருக்கிறார்.

அவர்களெல்லாம் கண்ணைத் திறந்துதான் நிற்பார்கள். மிஷன் ஜனங்கள்தான் மூடிக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் நான் எடுத்த படம் மாட்டாத கிறிஸ்தவ வீடு குறைவு. அத்தனை பேரும் சுவரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பக்தி நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்களே தவிர ஒருவரும் குறை சொன்னதில்லை. இந்தக் கொழும்புக்காரர்களுக்குத்தான் கண் வேண்டியிருக்கிறது.

இன்பமணிக்காக ஜெபத்தை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். எதில் நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை, தகடு கரியாகிவிட்டது, அது கணக்கில் சேராது. மனதுக்குள் ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். என் உதடு அசைவதைப் பார்த்தே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜெபம்னாலே கண்ணு தானா மூடிக்கிடுது அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" என்றாள் பாவமாக.

அதனால்தான் மதராஸுக்கு எழுதி இந்த ஜெர்மன் லென்ஸை வரவழைத்தேன். சாரல் நாளின் மங்கல் வெளிச்சத்தில் பழையதற்கு ஆமென் வரைக்கும் வேண்டும். புதியதற்கு முதல் வரியே போதும். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி என் வீட்டுக்காரியின் கோழியைப் படமெடுத்துப் பார்த்தேன். பழையதில் கோழிக்கு ஐந்து தலை. புதியதில் இரண்டு. நான் பூரித்துப்போனேன்.

பெண்ணின் அப்பா, மிஷன் கோயிலில் வேதம் சொல்லும் எலியேசர் உபதேசியாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"முதல் வரியோட எந்திரிச்சுப் போனா ஜெபம் பாதியில நிக்காதா வே? ஜெபத்துக்கு நடுவுல அன்னன்னைக்கு அப்பம் கேக்குற இடம் வரைக்குமாவது வர்ற மாதிரி லென்ஸ் கெடையாதா?"

கிடையாது என்றேன். அந்த நான்காவது தகட்டில்தான் மூடியைக் கழற்றியதுமே இன்பமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. எனக்கே என் மேல் மதிப்பு வந்துவிட்டது. மூடியைக் கழற்றாமலே ஜெபத்தை முழுக்கச் சொல்லிவிட வேண்டியது. ஆமென் என்றால் யாரானாலும் கண்ணைத் திறந்துதானே ஆக வேண்டும்? அந்த ஆமெனை மட்டும் கொஞ்சம் இழுத்து, அதற்குள் திறந்து மூடிவிட வேண்டியது. ஜெர்மன் லென்ஸுக்கு அது தாராளம். உபதேசியாருக்கும் முழு ஜெபம் கிடைக்கும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் இன்பமணி தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இமைமயிரும் தனித்தனியாகத் தெரியும் வரை பித்தளைத் திருகைத் திருகினேன். வெளியே வந்து தகட்டைச் செருகி, ஜெபத்தைத் தொடங்கினேன். அவள் மூடினாள். உபதேசியாரும் மூடினார்.

ஆ...மென்.

மூடியைக் கழற்றி மாட்டினேன். என் கண் என் கை மேலேயே இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இருட்டறையில் கழுவி, ஈரத்தோடு தகட்டை ஜன்னலுக்குக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

கண் மூடியிருந்தது.

சும்மா மூடியிருக்கவில்லை. சீயக்காய் விழுந்த கண் மாதிரி இறுக்கி மூடியிருந்தது. உதட்டோரத்தில் சின்னதாக ஒரு குழி. வரப்பார்க்கும் சிரிப்பை அடக்கினால் விழுமே, அந்தக் குழி. பழைய தகடுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த இடம் மூன்றிலும் மசமசவென்று கிடந்தது.

வெளியே உபதேசியார் மகளை ஏசிக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல ஜெபத்தப்போ அத்தன பேரும் கண்ண மூடி நிக்கிறாவ. பிள்ளையளக் கவனிக்கணும்னு இவ ஒருத்திதான் கண்ணு கொட்டாம நிப்பா. இங்கன வந்தா மட்டும் என்ன கேடு வந்துச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். இன்பமணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டவில்லை. முகத்தில் இப்போது சிரிப்பே இல்லை.

ஜெபத்துக்கு மூடிய கண் இல்லை அது, கப்பலுக்குப் பயந்து மூடிய கண்.

ஈரத் தகட்டைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். முகம் வழித்துக்கொண்டு போயிற்று. ஜெர்மன் லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பழையதை மாட்டினேன்.

"புதுசுல ஏதோ கோளாறு, உபதேசியாரே. பழசுலயே இன்னொண்ணு எடுப்போம். ஆமென் வரைக்கும் ஆகும்" என்றேன். பிறகு இன்பமணியிடம் சொன்னேன்:

"பையத்தான் சொல்லுவேன், தாயி."