காத்தாடியின் கேரண்டி

"மூச்சு முட்டித்தான் சார் செத்துப்போச்சு. வேற வியாதி ஒண்ணும் இல்ல."

டி.வி. ஸ்டாண்டின் அடித்தட்டிலிருந்து ஹோம் தியேட்டரின் பழைய ரிசீவரை வெளியே இழுத்து வைத்தார் மெக்கானிக். மேல் மூடியில் சூடு வெளியேறுவதற்கென்று வரிசையாகத் துளைகள். அத்தனையையும் அடைத்துக்கொண்டு, நாலாக மடித்த ஒரு கம்பளித் துணி.

கடையில் அவருக்குக் 'காத்தாடி' என்று பட்டப்பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் "செட்டுக்குக் காத்து விடுங்க" என்று ஒரே பாட்டைப் பாடுவார். அப்படிப்பட்டவர் சரி செய்த ஹோம் தியேட்டர், பாதிப் பாட்டில் பொசுக்கென்று நின்றுபோகிறது என்று இந்த வீட்டிலிருந்து ஓயாமல் புகார். கடைக்குக் கொண்டுவந்தால் நாள் முழுக்கப் பாடும். வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். "இன்னொரு தடவை ஃபோன் வந்துச்சு, நீ வேற கடை பாத்துக்கோ" என்று முதலாளி காலையில்தான் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தார்.

"இது யார் சார் போட்டது?"

வீட்டுக்காரர் சிரித்தார். வந்ததும் வராததுமாக ஜில்லென்று தண்ணீர் கொடுத்து, "உக்காருங்க, மெதுவாப் பாக்கலாம்" என்று சொன்ன தங்கமான மனிதர்.

"வேற யாரு, இவதான்! ஏம்மா, செட்டுக்குக் குளிருதுன்னு போத்தி விட்டியா?"

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "தூசி படுதுன்னுதாங்க..."

"தூசியைத் துடைச்சுக்கலாம் மேடம். சூடு உள்ளயே நின்னா, தன்னைக் காப்பாத்திக்க அதுவே ஆஃப் ஆயிடும். இத்தனை நாளும் அதுதான் நடந்திருக்கு. இப்ப ஒரேயடியாப் போயிடுச்சு."

"அப்படியா சேதி! நல்ல நேரத்துல கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க" என்றார் வீட்டுக்காரர். மனைவியைப் பார்த்து, "உன் போர்வைக் கச்சேரியை அப்புறம் வெச்சுக்கறேன்" என்று மறுபடியும் சிரித்தார்.

என் வீடாக இருந்தால் இந்நேரம் ரகளையாகியிருக்கும், இந்த மனிதருக்கு என்ன பொறுமை என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

இரண்டு புது ரிசீவர்கள் கொண்டுவந்திருந்தார். சின்னதில் ஃபோனிலிருந்தே பாட்டுப் போடலாம், இன்னும் ஆயிரத்தெட்டு வசதி. பெரியதில் அதெல்லாம் குறைவு. ஆனால் முரட்டுச் சத்தம்.

"சின்னதே போதுங்க" என்றாள் மனைவி அவசரமாக. "இல்லன்னா பழசையே சரி பண்ணி..."

"நீ சும்மா இரு. எனக்கு வசதியெல்லாம் வேண்டாம் மெக்கானிக். ரெண்டே ரெண்டு விஷயம். போட்டா வீடே அதிரணும். நானா நிறுத்துற வரைக்கும் நிக்கக் கூடாது."

மனுஷன் ரசிகன்யா என்று காத்தாடிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. பெரியதையே எடுத்தார். ஸ்டாண்டின் பின்பலகையை அறுத்துத் திறந்துவிட்டார். மேலே ஒரு சாண் இடம் விட்டு, சூடேறினால் தானே சுற்றும் சின்ன ஃபேனும் வைத்தார். கடைசியில் யாரும் எதையும் போட்டு மூட முடியாதபடி ஒரு கம்பி வலையையும் இறுக்கினார். முழுச் சத்தத்தில் ஓடவிட்டபோது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வெகுநேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தார். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஃபோன் வந்து பால்கனிக்குப் போனதும், மனைவி அருகில் வந்தாள்.

"அண்ணே, இது எவ்வளவு நேரத்துல நிக்கும்?"

"நிக்கவே நிக்காது மேடம். விடிய விடியப் பாடும்."

"துணி போட்டாக்கூடவா?"

"எங்க போடுவீங்க? அதுக்குத்தானே வலை!"

வெற்றிச் சிரிப்பு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் பழசையாவது சரி பண்ணி விட்டுட்டுப் போங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மெக்கானிக்குக்குச் சுள்ளென்று வந்தது. "உங்க துணியால என் பொழப்புலயே மண் விழுந்திருக்கும் மேடம். புதுசையும் கெடுத்து வைக்காம இருங்க, அது போதும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பழைய செட்டைத் தூக்கிக்கொண்டார்.

மாடிப்படி பாதி இறங்கியபோது மேலே பாட்டு தொடங்கியது. கைப்பிடிக் கம்பி வரை அதிர்ந்தது. வேலைன்னா இது வேலை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு நின்றார். கீழ் வீட்டுக் கதவு திறந்தது. நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"மேல் வீட்டுக்குப் புது செட்டாப்பா?"

"ஆமாம்மா. சத்தம் தொந்தரவா இருக்கா?"

"சத்தம் கிடக்கு. இது எப்ப நிக்கும்?"

இவருக்குச் சிரிப்பு வந்தது. பெண்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்!

"இனிமே நிக்காதும்மா. நான் கேரண்டி."

"அடப்பாவி!" அந்த அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பழசு நடுவுல நின்னுடும். நின்னாத்தான் அந்தப் பொண்ணு அடி தாங்காம கத்துறது எங்களுக்குக் கேக்கும். நாங்க ஓடிப்போய்க் கதவைத் தட்டினாத்தான் அவன் விடுவான்!"

பழைய செட்டைப் படியிலேயே போட்டுவிட்டு மேலே ஓடினார் மெக்கானிக். இரண்டு கையாலும் கதவை அடித்தார். உள்ளே பாட்டு நிற்கவில்லை. அவர் கதவைத் தட்டுவது அவருக்கே கேட்கவில்லை.