கல்மேல் வைத்த சாவி

“உள்ளே இருக்கிறது எங்க கப்பல்காரர்” என்றாள் ஜமீலா. “எங்க ராணி” என்றான் இத்ரீஸ். “ராணிக்கு ஏழடிக் கல்லா?” “உங்க கப்பல்காரர் குள்ளம்னு கேள்விப்பட்டேனே.” முதல் நாள் பேசியது அவ்வளவுதான். ஆறு வருடமாகியும் அவளுக்கு அது மறக்கவில்லை.

பழைய கல்லறைகள் நிறைந்த அந்தப் பேட்டையில், இந்த ஒரு கல்லறையில் இருப்பது தங்கள் முன்னோர்தான் என்று இரண்டு குடும்பங்களும் வழக்காடின. தீர்ப்பு வரும்வரை வாரத்துக்கு ஒரு குடும்பமாக மாறி மாறி விளக்கேற்றலாம் என்றது நீதிமன்றம். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் சாவியை ஒப்படைக்க வேண்டும். கையில் கொடுத்தால் எதிராளியின் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல்கள் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் ஒருவர் சாவியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். இத்ரீஸ் வைக்கும் சாவியில் உள்ளங்கைச் சூடு இருக்கும். ஒரு மழைநாளில் அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தான். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கு கெட்டுவிடும் என்று சொல்லி அவள் தானே வைத்துக்கொண்டாள்.

இன்று சாவியை வைத்துவிட்டு அவன் விலகவில்லை.

“அடுத்த வாரத்திலிருந்து தம்பி வருவான். எனக்கு வெளியூர்ல பொண்ணு பார்த்திருக்காங்க.”

“உங்களுக்குச் சம்மதமா?”

“யாரும் கேட்கலை.”

ஜமீலா சாவியை எடுக்கவில்லை. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வாப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஆறு வருடமாக வாய்வரை வந்து திரும்பிப்போனதை அவள் மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வாப்பாகிட்ட வந்து என்னைப் பொண்ணு கேளுங்க.”