வாலைப் பிடித்த எழுத்து

பிளஸ் ஒன் படிக்கும் எழிலின் போனுக்குள் 'டி' என்றொரு குட்டி எழுத்து இருந்தது. தோழி ரிஸ்வானாவுக்குப் போகும் மெசேஜ்களின் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதுதான் அதற்குப் பிழைப்பு. 'வாடி', 'எங்கடி இருக்க', 'செத்தோம்டி, நாளைக்கு டெஸ்ட்டு' என்று நாள் முழுக்க ஒரே சவாரி.

டூர் போட்டோவில் ரிஸ்வானாவை மட்டும் வெட்டிவிட்டு எழில் ஸ்டேட்டஸ் வைத்தாளோ இல்லையோ, சவாரி நின்றுபோனது. 'சரி', 'ஓகே', 'தேங்க்ஸ்' என்று மெசேஜ்கள் மொட்டையாகப் போய் மொட்டையாகவே திரும்பின.

ஒரு சாயங்காலம் எழில், 'தப்பு என்மேலதான்' என்று எழுதி, பின்னாலேயே டியையும் சேர்த்தாள். உடனே அழிக்கும் பட்டன் டியைத் தள்ளிவிட்டது. மறுபடி சேர்த்தாள். மறுபடியும் தள்ளியது.

"அண்ணே, என்மேல அப்படி என்ன கோபம்?" என்று கத்தியது டி.

"எனக்கென்ன கோபம்? புள்ளைக்குத்தான் பயம். உன்னையும் சேத்து அனுப்பி, அவ கண்டுக்காம விட்டுட்டா அசிங்கம்ல?"

"இந்த ஒரு தடவை சும்மா இருண்ணே. நான் போய்ப் பாக்குறேன்."

எழில் மூன்றாம் முறையும் டியைச் சேர்த்தாள். விரல் மறுபடி அழிக்க வந்து அழுத்தியது. பட்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"சனியன், மாட்டிக்கிச்சு" என்று முணுமுணுத்த எழில், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே அனுப்பிவிட்டாள்.

ராத்திரி ரிஸ்வானாவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: 'போடி.'

பட்டனுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, போன்னு சொல்லிட்டாளே!"

டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்த 'போ'வை ஏண்ணே பாக்குற? அது கையைப் பிடிச்சிக்கிட்டு யாரு வந்திருக்கான்னு பாரு!"