சிந்தாத டீ

பூங்காவிலிருந்த இரண்டு மர ரோலர் கோஸ்டர்களில் ஒன்றை இடிக்க முடிவாயிற்று. முதலாளி, அவற்றைக் கட்டிய இருவரையும் ஆளுக்கொரு டம்ளர் ஆறிய டீயோடு அவரவர் வண்டியில் ஏறச் சொன்னார். வேதமூர்த்தி ஒரு சொட்டும் சிந்தாமல் திரும்பினார். "தொட்டில் மாதிரி இருக்கும் சார்."

ஜெபராணியின் வண்டி மரச்சட்டங்களெல்லாம் அலற இறங்கி வந்தது. டம்ளர் காலி. டீ அவள் முகத்தில் வழிந்தது; சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோடதத்தான் இடிக்கணும். இறங்கும்மா," என்றார் முதலாளி.

அவள் இறங்கவில்லை. "சிந்தாம குடிக்கணும்னா டீக்கடைக்குப் போகலாமே சார். இங்க எதுக்கு வரணும்?" என்றவள், காலி டம்ளரை வேதமூர்த்தியிடம் நீட்டினாள்.

அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. தன் டீ முழுவதையும் அதில் ஊற்றிவிட்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.